எத்தனை ஆம்ப் பியூஸ்? கார் ஆக்சசரி வேலைக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஐடிஐ முடித்துக் கார் ஆக்சசரி கடையில் சேர்பவருக்கு ஃபாக் லாம்ப், ஹாரன், டேஷ்கேம் என்று முதல் வாரமே வேலை வந்துவிடும். பொருத்தும் விதத்தைச் சீனியரின் கையைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். பியூஸ் அளவை மட்டும் அப்படிக் கற்காதீர்கள், கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கணக்கு தப்பினால் வண்டியே எரியலாம்.

அடிப்படை இதுதான்: பியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. ஷார்ட் ஆன நொடியில் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்ப் தள்ளும். ஒயர் சிவந்து, உறை உருகி, பக்கத்து ஒயர்களுக்கும் தீ பரவும். அதனால் பியூஸின் குறைந்தபட்ச அளவை லோடு முடிவு செய்யும்; அதிகபட்ச அளவை ஒயர் முடிவு செய்யும்.

1. லோடைக் கணக்கிடுங்கள்

வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்ப். 55 வாட் ஹாலஜன் ஃபாக் லாம்ப் இரண்டு என்றால் 110 வாட், அதாவது சுமார் 9.2 ஆம்ப். தொடர்ந்து ஓடும் லோடு, பியூஸ் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 9.2-ஐ 0.8-ஆல் வகுத்தால் 11.5. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 15 ஆம்ப். 10 ஆம்ப் போட்டாலும் விளக்கு எரியும்; ஆனால் பியூஸ் எந்நேரமும் சூட்டிலேயே இருந்து, ஒருநாள் நடுவழியில் போய்விடும்.

2. ஒயரைப் பாருங்கள்

இந்த 15 ஆம்புக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் தாராளம். கிட்டோடு வந்தது 1 ஸ்கொயர் ஒயர் என்றால் அதில் 15 ஆம்ப் பியூஸ் போடாதீர்கள். ஒயரை மாற்றுங்கள்; இல்லையேல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஒயர் இழுத்து, தனித்தனியே 7.5 ஆம்ப் பியூஸ் கொடுங்கள். ஒயர் நுனியைப் பிளேடால் சுரண்டியும் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பு தாங்கும் கரண்டை அது தாங்காது.

3. பேட்டரிக்கு அருகில் வையுங்கள்

பியூஸ் ஹோல்டர், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். விளக்குப் பக்கம் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. அது பாடியில் உரசினால் தடுக்க எதுவும் கிடையாது. ஃபாக் லாம்ப், ஹாரன் லைனில் பியூஸுக்கு அடுத்து ரிலே வரட்டும்: 30 எண் பின்னில் சப்ளை, 87 எண் பின்னில் லோடு.

டேஷ்கேம் போன்ற சின்ன லோடுக்கு, பியூஸ் பாக்ஸில் இருக்கும் பியூஸ் இடத்தில் செருகித் தனி லைன் எடுக்கும் பியூஸ் டேப் போதும். 2 அல்லது 3 ஆம்ப் பியூஸே தாங்கும். ஏர்பேக், ஏபிஎஸ் பியூஸ்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

4. நிறத்தை மனப்பாடம் செய்யுங்கள்

பிளேடு பியூஸில் 5 ஆம்ப் வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. மினி, ஸ்டாண்டர்டு இரண்டுக்கும் இதே நிறங்கள்தான். உடல் அளவு மட்டும் வேறு. மாட்டும் முன் தலையில் அச்சிட்ட எண்ணையும் படியுங்கள்.

5. பியூஸ் போனால் காரணம் தேடுங்கள்

15 போனதும் 20 போடுவதும், சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் சுற்றுவதும் தீயை அழைக்கும் வேலை. பியூஸைக் கழற்றி, லோடு கப்ளரையும் பிரித்து, ஒயருக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி பாருங்கள். பீப் அடித்தால் ஒயர் எங்கோ நசுங்கியிருக்கிறது. ஃபயர்வால் துளை, பம்பர் கிளிப், கதவுக் கீல் மூன்றையும் முதலில் பாருங்கள். ஒயரில் பீப் வராவிட்டால் லோடைச் சோதியுங்கள்.

6. எழுதி வையுங்கள்

லோடு எத்தனை ஆம்ப், ஒயர் எத்தனை ஸ்கொயர், பியூஸ் எத்தனை, ஹோல்டர் எங்கே என்று நான்கையும் ஜாப் கார்டில் குறியுங்கள். அதே அளவு ஸ்பேர் பியூஸ் ஒன்றைக் கஸ்டமர் கையில் கொடுத்து, அதைவிடப் பெரியது போடக் கூடாது என்று விளக்குங்கள். அடுத்து அந்த வண்டியைத் தொடும் எலெக்ட்ரீஷியனுக்கு வேலை மிச்சம். வேறு கடையில் நேர்முகத்துக்குப் போனால், இந்த நான்கையும் காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர் என்பதே உங்களுக்கான சிபாரிசு.