ஆதரவை அளக்கலாம்

2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக் போட்டியில் மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். அவர் தாண்டிய உயரத்தை அளக்க அளவுகோல் உண்டு. அவ்வெற்றிக்குத் துணைநின்றோரின் ஆதரவை அளக்க இயலுமா?

மாரியப்பன் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். ஐந்து வயதில் நேர்ந்த பேருந்து விபத்தில் அவரது வலக்கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. அன்னை சரோஜா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் குடும்பத்தைக் காத்தார். மகனின் மருத்துவத்திற்காகக் கடன் பெற்றார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவரது திறனைக் கண்டு உயரம் தாண்டுமாறு ஊக்கினார். பின்னர்ப் பெங்களூருவில் பயிற்றுநர் சத்தியநாராயணா அவருக்குப் பயிற்சியளித்தார். மூவரும் உதவினர், ஆனால், மூவர் செய்த உதவியும் ஒரே வகையானதன்று.

விளையாட்டு உளவியல் அறிஞர்கள் வீரர் பெறும் ஆதரவை நான்காகப் பகுப்பர்.

1. மன ஆதரவு: துன்பத்தில் உடனிருந்து தேற்றுதல்.
2. மதிப்பு ஆதரவு: அவரது திறனைப் பாராட்டி நம்பிக்கை ஊட்டுதல்.
3. அறிவுரை ஆதரவு: பிழையைச் சுட்டித் திருத்தும் வழி கூறுதல்.
4. பொருள் ஆதரவு: காலணி, உணவு, பயணம் முதலியவற்றிற்கு உதவுதல்.

வீரர் பெற்ற ஆதரவை அளப்பதற்கென 22 வினாக்கள் கொண்ட வினாநிரல் ஒன்றை ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்டனர். உதவி கிடைக்கும் என்று வீரர் நம்புகிறாரா என அது வினவுவதில்லை. கடந்த ஒரு வாரத்தில் ஒவ்வோர் உதவியும் எத்தனை முறை கிடைத்தது என்றே வினவுகிறது. உதவி கிடைக்கும் என்னும் நம்பிக்கை வேறு. கிடைத்த உதவி வேறு. ஆதலின் நம்பிக்கையை அளக்கத் தனி வினாநிரல் உண்டு.

அணுசக்தி நகரில் ஓட்டப் பயிற்சி பெறும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். தந்தை புதிய காலணி வாங்கித் தருகிறார். பயிற்றுநர் நாள்தோறும் பிழை திருத்துகிறார். போட்டியில் தோற்ற அன்று அவளைத் தேற்ற ஒருவரும் இல்லை. கூட்டுத்தொகையை மட்டும் நோக்கினால் அவளுக்குக் குறையொன்றும் தோன்றாது. வகைவகையாக எண்ணினால் மன ஆதரவின் கட்டத்தில் சுழியம் நிற்கும். காலணி எத்தனை வாங்கினாலும் அச்சுழியம் மாறாது. மறுநாள் ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் ஆறுதல் கூறினால் அது மாறும். தொலைவிலிருந்து வரும் சொல்லும் கணக்கில் சேரும்.

இவ்வளவை யாரையும் குறைகூறுவதற்கு உரியதன்று. எந்த உதவி இன்னும் தேவை என்பதை அது காட்டுகிறது. மாரியப்பன் டோக்கியோவில் வெள்ளியும் 2024இல் பாரிசில் வெண்கலமும் வென்றார். பதக்கப் பட்டியலில் வீரரின் பெயர் மட்டுமே இடம்பெறும்; ஆதரவின் கணக்கில் துணைநின்ற அனைவரும் இடம்பெறுவர்.

சொற்பொருள்
உளவியல் – மனத்தின் இயல்பை ஆராயும் துறை
வினாநிரல் – வரிசைப்படுத்திய வினாக்களின் தொகுப்பு
சுழியம் – பூச்சியம்

பயிற்சி
1. மாரியப்பனின் அன்னை, ஆசிரியர், பயிற்றுநர் ஆகியோர் செய்த உதவிகளை வகைப்படுத்துக.
2. நம்பிக்கையையும் கிடைத்த உதவியையும் தனித்தனியே அளப்பது ஏன்?
3. விளையாடும் நண்பர் ஒருவர் கடந்த வாரம் பெற்ற உதவிகளைக் கேட்டு, நான்கு கட்டங்களில் எண்ணி எழுதுக. சுழியம் உள்ள கட்டத்தை நிரப்ப நீ செய்யக்கூடியது யாது?