உறுமும் நாயை அடிக்கலாமா?

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இதை நம்ப வேண்டாம். குரைக்கிற நாயும் கடிக்கும். சோறு போட்டு வளர்த்தவரையே கடிக்கும் நாயும் உண்டு. ஆனால் காரணம் இல்லாமல் கடிக்கும் நாய் குறைவு.

ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். திண்ணை ஓரத்தில் நாய் சோறு தின்கிறது. நடை பழகும் குழந்தை அதன் தட்டில் கை வைக்கிறது. நாய் உறுமுகிறது. அப்பா ஓடி வருகிறார்.

"குழந்தையைப் பார்த்தா உறுமுற?" என்று கம்பால் நாலு அடி போடுகிறார்.

மறுநாளும் அடி. ஒரு வாரத்தில் நாய் உறுமுவதை நிறுத்திவிடுகிறது.

"பார்த்தியா, திருந்திடுச்சு" என்கிறார் அப்பா.

பிறகு ஒரு நாள், சத்தமே இல்லாமல், குழந்தையின் கன்னத்தைக் கடித்துவிடுகிறது.

நாய் திருந்தவில்லை. உறுமினால் அடி விழும் என்று மட்டும் தெரிந்துகொண்டது. சோறு பறிபோகும் என்ற பயம் அப்படியே இருந்தது.

உறுமல் நாயின் பேச்சு. "விலகிப் போ" என்று அர்த்தம். அதைச் சொல்லவிடாமல் செய்தால் நாய் நேராகக் கடிக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். மறுநாளிலிருந்து குழந்தை போகாத இடத்தில் நாய்க்குச் சோறு வையுங்கள். அது தின்னும்போது பெரியவர் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று, அதற்குப் பிடித்த துண்டு ஒன்றைப் போடலாம். ஆள் வந்தால் சோறு போகாது, கூடுதலாகக் கிடைக்கும் என்று நாய் மெல்லப் புரிந்துகொள்ளும். ஆனாலும் சிறு குழந்தையையும் நாயையும் தனியே விடக் கூடாது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி.

உறுமும் முன்பே நாயின் உடம்பு சொல்லிவிடும். உடல் விறைக்கும். முதுகு மயிர் சிலிர்க்கும். கண்ணின் வெள்ளை தெரியும். வால் ஆடுகிறதே என்று ஏமாறாதீர்கள். வாலை உயர்த்தி விறைப்பாக ஆட்டும் நாய் கோபத்திலும் இருக்கலாம்.

சாதுவான நாய் திடீரென்று சீறுகிறதா? எங்கோ வலி இருக்கலாம். காதில் புண்ணா, உண்ணி மொய்த்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தூங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் சீண்டக் கூடாது.

நாள் முழுவதும் சங்கிலியில் கட்டினால் நன்றாகக் காவல் காக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டிக் கிடக்கும் நாய் பயந்தால் ஓட முடியாது. அதனால் பாயும். நாயை நியாயமில்லாத நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

குட்டி வாங்குபவர்கள் 8 வாரமாவது அதைத் தாயோடு விட்டுவையுங்கள். 3 வாரம் முதல் 14 வாரம் வரை பழகும் பருவம். பால்காரர், சைக்கிள், வீட்டுக்கு வரும் விருந்தாளி எல்லாவற்றையும் அப்போதே பயமில்லாமல் பார்க்கட்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஒன்று, அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று.

இவ்வளவுக்கும் மேல் கடித்துவிட்டால்? "நம்ம வீட்டு நாய்தானே" என்று இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இனி வேண்டாம். அந்தப் பழைய மருந்தைத் தயாரிப்பது நம் நாட்டில் 2004ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. தோலில் போடுவதானால் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். காயம் ஆழமாக இருந்தால் அதைச் சுற்றி வேறொரு மருந்தும் போடுவார்கள். அடுத்த ஊசியின் தேதியைச் சீட்டில் எழுதித் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைப் படித்து, காலண்டரில் குறித்து வையுங்கள்.