உப்பளத்து மடையும் உயிரின் மடையும்

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பர் பெரியோர். அவ்வுப்பு விளையும் மரக்காணம் கடற்கரையில் வாழும் நாங்கள், உப்பளத்தைக் கொண்டே ஓர் உயிரியல் பாடத்தை விளங்கிக் கொண்டோம். அதனை இங்கே எழுதுகிறோம்.

உப்பளத்தில் உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்குவர். வெயிலில் அது காய்ந்து கெட்டியானதும், பக்குவம் பார்த்து மடையைத் திறந்து அடுத்த பாத்திக்கு விடுவர். மடையை முந்தித் திறந்தாலும் பிந்தித் திறந்தாலும் நல்ல உப்பு கிடைக்காது. நீர்மேலும் குற்றமில்லை, வெயில்மேலும் குற்றமில்லை. மடை திறந்த நேரமே குற்றம்.

மரபணுவுக்கும் மடை உண்டு

நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். அப்படியிருக்க, கண் கண்ணாகவும் தோல் தோலாகவும் அமைவது எப்படி? எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்வது என்னும் கட்டுப்பாடே காரணம். மரபணுவை இயக்குவதற்கு மடை போன்ற டி.என்.ஏ. பகுதிகள் உண்டு. அம்மடையைத் திறந்து மூடும் கைகள் சில புரதங்கள். அப்புரதங்களை உண்டாக்குபவை வேறு மரபணுக்கள்.

தலைமுறை பல கடக்கையில் மடையில் சிறு மாறுதல் நேரும். அதை ஈடுசெய்யக் கையிலும் மாறுதல் நேரலாம். ஒரே சிற்றினத்துக்குள் இவ்விரண்டும் ஒத்துப்போகும். ஆனால் ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிந்து நெடுங்காலம் தனித்து வாழ்ந்தால், ஒன்றின் கைக்கு மற்றொன்றின் மடை பொருந்தாமற் போகலாம். அவ்விரண்டும் கலக்கும்போது சில மரபணுக்கள் மிகுதியாக வேலை செய்யும்; சில உறங்கிவிடும்.

மீன் சொல்லும் பாடம்

கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் பிளாட்டி, ஸ்வோர்ட்டெயில் மீன்களை நாம் கண்டிருக்கிறோம். சில பிளாட்டி மீன்களின் உடலில் கரும்புள்ளிகள் உண்டு. அவை தீங்கு செய்வதில்லை. இவ்விரு மீன்களையும் கலந்து, பிறந்த குஞ்சுகளை மீண்டும் ஸ்வோர்ட்டெயிலுடன் கலந்தால், பேரக் குஞ்சுகள் சிலவற்றில் அப்புள்ளி பெருகித் தோல் புற்றுநோயாகிறது. இதனை அறிஞர்கள் 1920-களிலேயே கண்டனர். அதற்குக் காரணமான மரபணு 1989-இல் அடையாளங் காணப்பட்டது. பிளாட்டியில் அம்மரபணுவை அடக்கி வைக்கும் கை உண்டு. இருமுறை கலந்ததில் மரபணு வந்து சேர்ந்து, அடக்கும் கை வராமற் போன குஞ்சுக்கே நோய் வருகிறது.

கலப்பு எல்லாம் கேடா?

அன்று. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சியில், பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்னும் கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்து ‘கோ 205’ என்னும் புது ரகத்தை உண்டாக்கினர். அது 1918-இல் உழவர்க்குக் கிடைத்தது. இந்தியாவின் சர்க்கரைத் தொழில் வளர்ந்தது இத்தகைய கலப்பினங்களாலன்றோ!

நம் கரையோடு தெற்கே, கடலூரைத் தாண்டிச் சென்றால் பிச்சாவரம். அங்குள்ள இருவகைச் சுரபுன்னைகள் இயற்கையாகவே கலந்து பிறந்த மரத்திற்கு, 1995-இல் பேராசிரியர் கதிரேசன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சூட்டினார். அது செழித்து வளர்ந்து பூக்கும். ஆனால் காய்த்து முளைவிடுவது அரிது. ஆயினும் வேரூன்றிக் கரையைக் காக்கிறது.

வகுப்பில் எழுந்த கேள்வி

இப்பாடம் முடிந்ததும் எங்களுள் ஒருத்தி எழுந்து, “சாதி மாறி மணந்தால் பிறக்கும் பிள்ளைக்கும் இப்படித்தான் ஆகுமா, சிஸ்டர்?” என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று.

“ஆகாதம்மா. பிளாட்டி ஒரு சிற்றினம். ஸ்வோர்ட்டெயில் வேறு சிற்றினம். மனிதர் எல்லாரும் ஒரே சிற்றினம். சாதி நாம் போட்ட வேலி. மரபணுவின் மடைக்கு அது தெரியாது. நெருங்கிய உறவுக்குள் மணந்தால்தான் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும்” என்றார் சிஸ்டர்.

கேட்டவளின் முகம் தெளிந்தது. ஏன் கேட்டாய் என்று நாங்கள் வினவவில்லை.

உப்பளத்தில் பல வீட்டார் வேலை செய்கின்றனர். வாரி எடுத்த உப்பு ஒரே குவியலாகிறது. எந்தக் கை வாரியது என்று உப்பு கேட்பதில்லை. இறைவன் ஒரே குலமாகப் படைத்த நாமும் அவ்வாறே வாழ்வோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி