குறி பார்க்கக் கருவி வேண்டுமா?

மாலை நேரத்தில் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு தெருவைச் சுற்றி வாருங்கள். எங்கேனும் ஒரு மன்றத்தின் வாசலில், தாழ்வாகத் தொங்கும் விளக்கின் கீழ், கேரம் பலகையைச் சுற்றி நான்கு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரு காய் குழிக்கு அருகில் சென்று விளிம்பில் மோதித் திரும்பிவிட்டால், "குறி தவறிவிட்டது" என்று எல்லாருமே தீர்ப்புச் சொல்வார்கள். உண்மையில் தவறியது குறியா, விரலா? இதைக் கண்டறிவது அத்துணை எளிதன்று.

கேள்வி அற்பமானதும் அன்று. உலகச் சாம்பியனும் 1996ஆம் ஆண்டில் அர்ஜுனா விருது பெற்றவருமான மரிய இருதயம், 2008ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன் இளவழகி, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காஸிமா ஆகிய மூவரும் சென்னையில் ஆடி வளர்ந்தவர்கள். காஸிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர்களைப் போல் ஆக விரும்பும் மாணவர் ஒருவர், கையிலுள்ள சிறு தொகையைக் குறி பார்க்கும் கருவிக்குச் செலவிடலாமா, அல்லது நல்ல ஸ்டிரைக்கர் ஒன்றும் பவுடரும் வாங்கிக்கொண்டு ஆடலாமா? இயற்பியல் இதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் கேரமின் உறவினரான பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் ஆட்டங்களிலிருந்து வந்தவை. ஸ்னூக்கர் நம் நாட்டில் பிறந்த ஆட்டம்! 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் இராணுவ அதிகாரி இதைத் தொடங்கினார் என்பர் (பிற்காலத்தில் இங்கிலாந்துப் பிரதமரான அதே பெயருடையவர் வேறொருவர்). அதன் விதிகள் 1882இல் நம் உதகமண்டலத்துக் கிளப்பில் எழுதித் தொங்கவிடப்பட்டன. இன்று அந்த ஆட்டத்திற்கு மேசைத் துணிமேல் வைக்கும் வட்ட அட்டை, கோலில் பொருத்தும் லேசர் விளக்கு, மேசைக்கு மேலிருந்து பந்தின் பாதையை ஒளிக்கோடாக வரைந்து காட்டும் கருவி எனப் பலவும் விற்கின்றன. கைபேசியில் கேரம் ஆடுபவர்களுக்கு இது புதிதன்று. திரையிலேயே கோடு வந்து நிற்கிறதல்லவா?

இந்தக் கருவிகள் யாவும் ஒரே வடிவியல் உண்மையைக் காட்டுகின்றன. ஸ்டிரைக்கர் காயைத் தொடும் கணத்தில், விசை இரண்டின் மையங்களையும் இணைக்கும் கோட்டின் வழியே செயல்படுகிறது. காயும் அந்தக் கோட்டிலேயே கிளம்புகிறது. ஆகவே குழியிலிருந்து காயின் மையம் வழியாக ஒரு கோடு வரைந்து, அதைப் பின்னோக்கி நீட்டுங்கள். காயின் விட்டம் 3.1 செ.மீ., ஸ்டிரைக்கரின் விட்டம் 4.1 செ.மீ. என்றால், ஆரங்களின் கூடுதல் 3.6 செ.மீ. காயின் மையத்திலிருந்து பின்னால் 3.6 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளிக்கு ஸ்டிரைக்கரின் மையம் வந்து சேர வேண்டும். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்டிரைக்கர் இருப்பதாக எண்ணிக்கொள்வதே "மாயப் பந்து" முறை. புதிதாக ஆடுபவர் பெரும்பாலும் காயின் தொடுபுள்ளியை நோக்கி ஸ்டிரைக்கரின் மையத்தைச் செலுத்துகிறார். ஆனால் ஸ்டிரைக்கருக்குப் பருமன் உண்டு. அதன் விளிம்பு முன்னதாகவே வேறிடத்தில் மோதிவிடும். காய் வேண்டிய அளவுக்குத் திரும்பாது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. பில்லியர்ட்ஸ் நூல்களில், அடிக்கும் பந்தின் மையம் மற்றப் பந்தின் விளிம்பை நோக்கிச் சென்றால் அப்பந்து 30 பாகை விலகிச் செல்லும் என்று படிப்பீர்கள். இரு பந்துகளும் சம அளவாக இருப்பதால் வரும் கணக்கு அது. கேரமில் ஸ்டிரைக்கர் பெரிது, காய் சிறிது. 1.55ஐ 3.6ஆல் வகுத்து, அதனைச் சைனாகக் கொண்ட கோணத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 25½ பாகைதான் வரும். ஓர் ஆட்டத்தின் வாய்ப்பாடு மற்றோர் ஆட்டத்திற்குப் பொருந்தாது.

இனி, பிழை எவ்வாறு பெருகுகிறது என்று காண்போம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நேர்கோட்டில் ஏறத்தாழ 37 கி.மீ. விழுப்புரத்தில் நின்று, திண்டிவனத்தை நோக்கி இழுக்கும் கோடு ஒரு பாகை பிசகினால், அங்கே சேரும்போது ஏறத்தாழ 650 மீட்டர் விலகியிருக்கும். கேரம் பலகையில் தொலைவு குறைவு, ஆனால் நடுவில் ஒரு மோதல் இருக்கிறது. மோதல் பிழையைப் பெருக்கிவிடுகிறது. ஸ்டிரைக்கருக்கும் காய்க்கும் இடையே 36 செ.மீ. இருப்பதாகவும், காயை நேராக அடிப்பதாகவும் கொள்வோம். 36ஐ 3.6ஆல் வகுத்தால் 10. அதில் ஒன்றைக் கழிக்க 9. அதாவது, ஸ்டிரைக்கரின் திசையில் ஒரு பாகை பிழையிருந்தால் காயின் திசையில் 9 பாகை பிழை வரும்! சாய்வாக வெட்டி அடிக்கும்போது இது இன்னும் கூடும். 52.5 மி.மீ. விட்டமுள்ள ஸ்னூக்கர் பந்துகளுக்கிடையே 2 மீட்டர் இருந்தால், பெருக்கம் 37 மடங்கு ஆகிறது.

குழியின் விட்டம் 4.45 செ.மீ. காயின் மையம் குழிக்கு மேல் வந்தால் காய் விழும். குழி 40 செ.மீ. தொலைவில் இருந்தால், காயின் திசை இருபுறமும் 3 பாகையளவு பிசகலாம். அதை 9ஆல் வகுத்தால், ஸ்டிரைக்கருக்குக் கிடைக்கும் சலுகை பாகையில் மூன்றில் ஒரு பங்குதான். மோதும் இடத்தில் அது 2 மி.மீ.! மாயப் பந்து எங்கே இருக்கிறது என்று கண் சரியாகச் சொல்லிவிட்டாலும், விரல் அந்த 2 மி.மீ.க்குள் ஸ்டிரைக்கரைச் சேர்க்க வேண்டும். எந்த அட்டையும் எந்த லேசரும் இந்த வேலையை விரலுக்காகச் செய்து தராது.

அட்டை காட்டும் இடமும் முற்றிலும் சரியன்று. காயும் ஸ்டிரைக்கரும் உரசுகின்றன; அந்த உராய்வு காயை ஸ்டிரைக்கர் செல்லும் பக்கமாகச் சிறிது இழுத்துக்கொள்கிறது. பந்துகளின் உராய்வையும் சுழற்சியையும் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் கொரியாலிஸ் 1835இலேயே ஒரு தனி நூல் எழுதினார். புயற்காற்று சுழல்வதைப் படிக்கும்போது நீங்கள் கேள்விப்படும் அதே கொரியாலிஸ்தான்! பில்லியர்ட்ஸில் மெதுவாக வெட்டி அடிக்கும்போது இந்த இழுப்பு சில பாகைகள்கூட இருக்கும். நமக்குள்ள சலுகையே 3 பாகை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் இதைக் கணக்கிட்டு அடிப்பதில்லை. பல்லாயிரம் முறை அடித்ததில் அவர்களது கண் தானே சிறிது மெல்லியதாகக் குறி வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. வெறும் வடிவியல் அட்டையை நம்பியே பழகியவர் இதை எங்கே கற்பது?

இங்கே இயற்பியலிலிருந்து உளவியலுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சியின்போது கிடைக்கும் உதவி பற்றி சால்மோனி, ஷ்மிட், வால்டர் என்ற மூவர் அதுவரை நடந்த ஆய்வுகளை 1984இல் திரட்டி ஆராய்ந்தனர். ஒவ்வொரு முயற்சிக்கும் வழிகாட்டுதல் கிடைத்தால் அந்த நேரத்தில் திறமை உயர்கிறது. வழிகாட்டுதலை எடுத்துவிட்டால் இறங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. 1990இல் வின்ஸ்டைன், ஷ்மிட் இருவரும் ஒரு நெம்புகோலைக் குறித்த முறையில் அசைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். எல்லா முயற்சிகளுக்கும் முடிவு சொல்லப்பட்டவர்களைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டவர்களே மறுநாள் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். உதவியில்லாத முயற்சிகளில் அவர்கள் தம் கையின் உணர்வைத் தாமே கவனிக்க வேண்டியிருந்தது. மூன்று சக்கர வண்டியில் எத்தனை நாள் சென்றாலும் சைக்கிளில் சமநிலை வராதல்லவா?

கண்ணைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. வில்லியம்ஸ், சிங்கர், ஃபிரெலிக் ஆகியோர் 2002இல் பில்லியர்ட்ஸ் ஆடுபவர்களின் பார்வை நகர்வை அளந்தனர். தேர்ந்தவர்கள் அடிப்பதற்குச் சற்று முன் ஒரே இடத்தில் பார்வையை அதிக நேரம் நிறுத்தினார்கள். வெற்றி பெற்ற அடிகளிலும், தவறியவற்றைவிடப் பார்வை நின்ற நேரம் நீண்டிருந்தது. இதற்குக் காசு செலவில்லை.

ஆகவே கருவிகளை இருவகையாகப் பிரிப்பேன். அடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுபவை ஒருவகை. அட்டை, லேசர், ஒளிக்கோடு எல்லாம் இதில் அடங்கும். மாயப் பந்தைப் புரிந்துகொள்ள முதல் சில நாட்களுக்கு இவை உதவும், அதற்குமேல் ஊன்றுகோலாகிவிடும். அடித்த பின் என்ன நடந்தது என்று காட்டுபவை மற்றொரு வகை. மேலிருந்து கைபேசியில் பிடித்த படமும், பவுடர் தூவிய பலகையில் காய் விட்டுச் சென்ற தடமும் இவ்வகை. இவை குறிப் பிழையையும் விரல் பிழையையும் பிரித்துக் காட்டும். ஒரே இடத்தை நோக்கிப் பத்து முறை அடித்ததில் தடங்கள் எல்லாம் ஒரே பக்கம் விலகினால் குறியைத் திருத்துங்கள். இருபுறமும் சிதறினால் விரலைத் திருத்துங்கள். விளம்பரங்கள் முதல்வகையையே விற்கின்றன என்பதில் வியப்பில்லை. பவுடர் தடத்தை யார் விற்க முடியும்?

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே சோதிக்கலாம். 4.1 செ.மீ. விட்டமுள்ள வட்டமொன்றை மெல்லிய தாளில் வெட்டி, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். காயைத் தொடுமாறு அதை வைத்துக் குறி பார்த்துவிட்டு, தாளை எடுத்தபின் அடிக்க வேண்டும். ஒரே பலகையில் காயையும் ஸ்டிரைக்கரையும் எப்போதும் ஒரே இடங்களில் வையுங்கள். இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். முதலில் எல்லாரும் தாளின்றி 20 அடிகள் அடித்து எண்ணிக்கையைக் குறியுங்கள். பிறகு சீட்டுக் குலுக்கி இரு அணியாகப் பிரிந்து, ஓரணி தாளுடனும் மற்றது தாளின்றியும் மூன்று நாட்கள் சம எண்ணிக்கையில் பழக வேண்டும். நான்காம் நாள் இரு அணியும் தாளின்றி அடிக்க வேண்டும். பழகும்போது வந்த எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். நான்காம் நாள் எண்ணிக்கையே சான்று.

விழுப்புரத்துப் பையன்கள் தாளுடனும் திண்டிவனத்துப் பையன்கள் தாளின்றியும் பழகுவது என்று ஏற்பாடு செய்துவிடாதீர்கள். இரண்டு ஊர்ப் பலகைகளும் ஒன்றல்ல. மழைநாளில் ஈரம் ஏறிய பலகையில் காய் ஓடாது. வேறுபாடு தாளால் வந்ததா பலகையால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போகும். இரு ஊரிலும் செய்வதானால், ஒவ்வோர் ஊரிலும் பாதிப் பேர் தாளுடன் பழக வேண்டும்.

இன்னொன்று. ஒருவர் 20க்கு 11 காய்களும் மற்றவர் 13 காய்களும் போட்டால், உடனே தாளை வாழ்த்தவோ வையவோ வேண்டாம். ஒரு நாணயத்தை 20 முறை சுண்டினாலும் தலை விழும் எண்ணிக்கை பத்துக்கு இருபுறமும் இரண்டோ மூன்றோ மாறுவது வழக்கம். நான்காம் நாளில் ஆளுக்கு 100 அடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளானால் நல்லது.