காற்சட்டை அளவை நம்பாதே

கொள்ளுப்பிட்டி,
12.09.2021

அன்புள்ள மருமகனுக்கு,

ஊரடங்கை 21 ஆம் திகதி வரை நீட்டிவிட்டார்கள். தபால் கந்தோரை நம்பிக் காத்திருக்காமல் இதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தானே.

போன கிழமை தொலைபேசியில் நீ சொன்னதற்குத்தான் இந்தப் பதில். "இரண்டு ஊசியும் போட்டாயிற்று மாமி, நான் அப்படியொன்றும் குண்டில்லை, கணக்கில் முப்பதைக்கூடத் தாண்டவில்லை" என்றாய். ஊசி போட்டது மெத்தச் சரி. நான் இனிச் சொல்லப்போகும் எதுவும் அதற்கு ஈடாகாது. ஆனால் அந்த முப்பது உனக்குரிய எல்லையல்ல. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணில் 25 தாண்டினால் அதிக எடை, 30 தாண்டினால் உடற்பருமன் என்பது பெரும்பாலும் வெள்ளைக்காரரை வைத்துப் போட்ட கணக்கு. நம்மவர்களுக்கு வயிற்றில் கொழுப்பு முந்திச் சேரும். சலரோகமும் நெஞ்சு வருத்தமும் முந்தி வரும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல், ஆசியர்கள் 23 இலேயே கவனிக்கத் தொடங்க வேண்டும், 27.5 இல் ஆபத்து அதிகம் என்று சொன்னது. உன் உயரம் 170 சென்ரிமீற்றர், நிறை 84 கிலோ. வகுத்துப் பார்த்தேன், 29.

எண்ணில் நம்பிக்கை இல்லாவிட்டால் அளவு நாடாவை எடு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அள. நம் ஆண்களுக்கு எல்லை 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. காற்சட்டை அளவைச் சொல்லி என்னை ஏய்க்க வேண்டாம். வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போடுகிற ஆளுக்கு அது எந்தக் காலத்திலும் ஏறாது.

நான் வாட்டில் தாதியாக நின்றவள். வயிறு பெருத்தவர் மல்லாந்து படுத்தால் மூச்சுக்கு என்ன பாடுபடுவார் என்று கண்டிருக்கிறேன். வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரலின் அடிப்பாகம் முழுதாக விரியாது. கொரோனா கடுமையானால் இடம் பிடிப்பதும் அதே நுரையீரலில்தான். ஒட்சிசன் குறைந்தவர்களைக் குப்புறப் படுக்கவைக்கிறார்கள், பெரிய வயிற்றோடு அதுவும் லேசில்லை. போதாததற்கு, வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கிற சாமான் அல்ல. உடம்பில் ஓயாமல் மெல்லிய அழற்சியை வைத்திருக்கும், இரத்தம் கட்டிபடும் போக்கையும் கூட்டும். உடற்பருமன் உள்ளவர் இந்த நோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கவேண்டிவரும் ஆபத்து மூன்று மடங்காகலாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். பிரித்தானியப் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் போன வருடம் ஏப்ரலில் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்த் திரும்பியபின், தன் நிறை கூடிப்போயிருந்ததைப் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார்.

உன்னை வெட்கப்படுத்த இதை எழுதவில்லை. ஒன்றரை வருடமாக மேசையும் கட்டிலுமாக ஒரே அறையில் வேலை செய்பவனுக்கு வயிறு வைக்காவிட்டால்தான் அதிசயம். ஒல்லியாகு என்றும் கேட்கவில்லை. நாலைந்து கிலோ இறங்கினாலே இரத்த அழுத்தமும் சீனியும் அதைக் கண்டுகொள்ளும். தராசு அசையாவிட்டாலும் சோர்ந்துபோகாதே. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சலரோகத்தின் வாசலில் நின்றவர்களை மூன்று வருடமளவில் பின்தொடர்ந்து, 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சலரோகம் வருவதை 28.5 வீதம் குறைத்திருந்தன. அவர்களுடைய நிறையோ பெரிதாக இறங்கவேயில்லை. எனக்கு இந்த ஆய்வில் மெத்தப் பிடித்தது அந்த விஷயம்தான்.

தொடங்குவதென்றால் தேத்தண்ணியில் தொடங்கு. நீ ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவன். நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் பதினைந்து கரண்டி, ஏறக்குறைய 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. சதொசவில் சீனிக்கு வரிசை நிற்கிற இந்த நேரத்தில் இது உன் பொக்கற்றுக்கும் நல்லது. அடுத்தது, இரவில் போன் பண்ணி எடுக்கிற கொத்து ரொட்டி. அதை விடச்சொன்னால் விடமாட்டாய். சனிக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள். சிவப்பரிசிப் புட்டு, குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் தின்னலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மாவு மாவுதான். சாப்பாட்டுத் தட்டில் பாதியை மரக்கறியும் கீரையும் வல்லாரைச் சம்பலும் பிடிக்கட்டும், சோறு கால்பங்கோடு நிற்கட்டும், மிச்சத்தில் மீனோ பருப்போ இருக்கட்டும்.

நடக்க இடமில்லை என்று சொல்லாதே. காலிமுகத்திடல் பூட்டிக் கிடந்தாலும் உங்கள் தொடர்மாடிக்கு மொட்டைமாடி இருக்கிறது. காலையில் பதினைந்து நிமிடம், பின்னேரம் பதினைந்து. அலுவலகக் கூட்டம் எல்லாம் காதில் கேட்டால் போதும் என்கிறாயே, அதை நடந்துகொண்டே கேள். ஊரடங்கு எடுத்தபின் மரைன் டிரைவில் கடற்காற்றோடு வெள்ளவத்தைப் பக்கம் வரை போய்வரலாம்.

பட்டினி கிடக்காதே, காய்ச்சல் வந்தால் தாங்க உடம்பில் சத்து வேண்டும். கொழுப்பைக் கரைக்கும் பானம் என்று முகநூலில் வருவதையும் வாங்காதே. போன டிசம்பரில் கொரோனாவுக்குப் பாணி என்று கேகாலையில் சனம் முண்டியடித்தது. அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே ஜனவரியில் தொற்று வந்தது.

வழி திறந்ததும் வெறும் வயிற்றில் இரத்தச் சீனியைப் பார்த்து, பிறஷரையும் அளந்து, எனக்கு எழுது. உன் அப்பாவுக்கு நாற்பதிலேயே சலரோகம் வந்தது. அம்மாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். இரண்டாம் முறை சோறு போடாதே என்று சொன்னால் அவள் கோபிப்பாள். அதை நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமி