சிறார்க்கு வானநூல் கற்பித்தல்

வானத்தைக் கண்டு வியவாத குழந்தை இல்லை. ஆயினும், வானநூற் பாடத்தை விரும்பிக் கற்கும் சிறுவர் சிலரே. காரணம் யாது? கண்ணாற் கண்டு கையாற் செய்து அறியவேண்டிய பொருளை நாம் அவர்கட்குச் செவிவழியாக மட்டும் ஊட்டுகின்றோம். அவர்களும் அதனை மனனஞ் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன்.

சந்திரன் தேய்வதும் வளர்வதும் எதனால் என்று வினவின், பூமியின் நிழல் அதன்மேல் விழுவதனால் என்று விடை கூறுவோர் கற்றவருள்ளும் உளர். யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். விடுமுறையில் என்னிடம் பாடங்கேட்ட சிறுவன் ஒருவன், ஒருநாள் மாலை நான்கு மணியளவில் வானத்தைக் காட்டி, "அண்ணா, மேற்கே சூரியன் இருக்கிறது, கிழக்கே உயரத்தில் அரைச்சந்திரனும் இருக்கிறது. சூரியன் மேலே இருந்தால் நம் நிழல் கீழேதானே விழும்? சந்திரன்மேல் எப்படிப் போகும்?" என்றான். விடையறியாது நாணினேன். அவ்வினாவே பின்வரும் பயிற்சிகளை நாடச் செய்தது.

முதற் பயிற்சி காண்டல். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் தொடங்கிப் பூரணை வரை, நாள்தோறும் மாலையில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, சந்திரனுடைய வடிவையும் இடத்தையும் சிறுவர் வரைந்து வருக. அது நாளொன்றுக்கு, நீட்டிய கையின் மூடிய விரல்களின் அகலத்தினும் சற்று மிகுதியாகக் கிழக்கே விலகுவதையும், சூரியனை நோக்கிய பக்கமே ஒளிர்வதையும் அவர்களே கண்டுகொள்வர்.

இரண்டாவது, விளக்கும் உருண்டையும் கொண்டு செய்வது. இருண்ட அறையில், தலையளவு உயரத்தில் ஒரு விளக்கை வைக்க. சுண்ணாம்பு பூசிய களிமண் உருண்டையைக் குச்சியிற் செருகிச் சிறுவன் கையிற் கொடுக்க. விளக்கே சூரியன், அவன் தலையே பூமி. உருண்டையைத் தலைக்குச் சற்று மேலாக நீட்டிப் பிடித்து விளக்கை நோக்கின், இருண்ட பக்கமே தெரியும், அஃது அமாவாசை. இடப்புறமாகக் கால்வட்டம் திரும்பின் பாதி ஒளிரும். விளக்குக்கு முதுகு காட்டின் முழுதும் ஒளிரும், அது பூரணை. மேலும் திரும்ப, ஒளி தேயும். இவற்றுள் எந்நிலையிலும் தலையின் நிழல் உருண்டையைத் தீண்டவில்லை என்பதைச் சிறுவனே சொல்வான். பூரணை நிலையில் உருண்டையைச் சற்றுத் தாழ்த்தினால் தலையின் நிழல் அதனை மறைக்கும். அதுவே சந்திர கிரகணம்.

அங்ஙனமாயின், ஒவ்வொரு பூரணையிலும் கிரகணம் நிகழாதது ஏன்? இதற்கு விடை மூன்றாம் பயிற்சி. பூமியின் குறுக்களவு 12,742 கிலோமீட்டர். சந்திரனுடையது 3,474 கிலோமீட்டர். இடைத்தூரம் சராசரி 3,84,400 கிலோமீட்டர். 12 சென்டிமீட்டர் உருண்டையைப் பூமியாகக் கொண்டால், சந்திரன் ஒரு சிறிய எலுமிச்சங்காய் அளவினது. அதனை எவ்வளவு தொலைவில் வைப்பதென்று சிறுவரைக் கேட்க. பாடப்புத்தகப் படங்களைக் கண்டு பழகியவர்கள் ஒரு சாண் தொலைவில் வைப்பர். உண்மையில் அது 3.6 மீட்டர் தொலைவில் இருத்தல் வேண்டும். கயிற்றால் அளந்து வைத்ததும் அவர்கட்கு உண்டாகும் வியப்பு பெரிது. பூமி சூரியனைச் சுற்றும் தளத்திற்குச் சந்திரனுடைய பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. ஆதலின், நம் அளவையில் எலுமிச்சங்காய் 30 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் விலகும். பூமியுருண்டையோ 12 சென்டிமீட்டரே. எனவே, பெரும்பாலான பூரணைகளில் சந்திரன் நிழலுக்கு அகப்படாது செல்கின்றது.

இவற்றிற்கு வேண்டுவன களிமண், கயிறு, விளக்கு, பொறுமை ஆகிய நான்கே. எளிய கிராமப் பள்ளியிலும் இவை கிடைக்கும். நம்முள் பலர் நாளை ஆசிரியராவோம். சிறுவன் வினவும்போது நம் அறியாமையை மறைக்க அவனை அடக்காது, அவனோடு கூடி உண்மையைத் தேடுவோமாக. அன்று என்னை நாணச் செய்த சிறுவன், உருண்டையை ஏந்தி ஒருமுறை சுற்றி முடித்ததும், தன் தங்கையை அழைத்து அவள் கையில் அதனைக் கொடுத்தான். கல்வி பயன்பட்டது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?