ரேடியோக்களுக்கு ஒரே கடிகாரம்

கோயில் திருவிழாவில் உறுமி மேளம் கேட்காதவர் நம்மில் இல்லை. பத்துப் பேர் அடித்தாலும் அது ஒரே மேளமாகக் கேட்கக் காரணம் இரண்டு. எல்லாரும் ஒரே வேகத்தில் அடிக்கிறார்கள்; முதல் அடியையும் ஒன்றாகத் தொடங்குகிறார்கள். பல ரேடியோக்களைச் சேர்த்து ஒரே கருவியாக இயக்கவும் இவ்விரண்டும் தேவை.

ஏன் தேவை?

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஊட்டி வானொலித் தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்த இது 1970 முதல் இயங்குகிறது. 530 மீட்டர் நீளத்தில் வரிசையாக உள்ள 1056 இருமுனை ஆன்டெனாக்கள் 326.5 மெகாஹெர்ட்சில் விண்ணைக் கேட்கின்றன. அவை பெறும் அலைகள் ஒத்திசைந்து கூடினால்தான் மெல்லிய சமிக்ஞை தெரியும். தனித்தனி ரேடியோக்களை இப்படிக் கூட்டினால், ஒன்றின் குவார்ட்ஸ் படிகம் மில்லியனில் 1 பங்கு பிசகினாலும் வினாடிக்குச் சுமார் 326 சுற்று விலகிவிடும்.

இரு சமிக்ஞைகள்

10 மெகாஹெர்ட்ஸ் அலை வேகத்தைக் காக்கிறது. வினாடிக்கு ஒருமுறை வரும் துடிப்பு முதல் அடியைக் காட்டுகிறது. இரண்டையும் ஜி.பி.எஸ். கடிகாரம் தருகிறது. பகிர்வுப் பெட்டி அவற்றைப் பெருக்கி ஒவ்வொரு ரேடியோவுக்கும் அனுப்புகிறது.

இணைக்கும் முறை

1. ஜி.பி.எஸ். ஆன்டெனாவைத் திறந்த வானத்தின் கீழ் வையுங்கள். தகரக் கூரைக்கடியில் வேண்டாம். கடிகாரம் நிலைப்பட்டதைக் காட்டும் விளக்கு எரியும்வரை காத்திருங்கள்.
2. கடிகாரத்தின் இரு வெளிவாய்களையும் 50 ஓம் கோஆக்சியல் கேபிளால் பெட்டியுடன் இணையுங்கள்.
3. பெட்டியின் சுவிட்சை வெளிக்கடிகாரத்திற்கு மாற்றுங்கள்.
4. ஒவ்வொரு ரேடியோவுக்கும் இரண்டு கேபிள்கள் செல்லட்டும். எல்லாம் ஒரே வகை, ஒரே நீளம்.
5. மென்பொருளிலும் வெளிக்கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்து, அடுத்த துடிப்பில் எல்லா ரேடியோக்களின் நேரத்தையும் சுழியமாக்குங்கள்.
6. ஒரே சமிக்ஞையை எல்லாவற்றுக்கும் கொடுத்து, எஞ்சிய வேறுபாட்டை அளந்து கழியுங்கள்.

கேபிள் நீளம்

என் இறுதியாண்டுத் திட்டப்பணியில் நான் முதலில் அளப்பது இதைத்தான். 1 மீட்டர் கேபிளைக் கடக்கச் சமிக்ஞைக்குச் சுமார் 5 நானோவினாடி ஆகும். 326.5 மெகாஹெர்ட்சில் ஓர் அலைக்கு ஆவதே ஏறத்தாழ 3 நானோவினாடி. ஆகவே 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு பள்ளி அடிக்கோல் அளவு வேறுபட்டால் அரைச்சுற்று பிசகும். கூடவேண்டிய அலைகள் ஒன்றையொன்று அழிக்கும்.

பாயா ரும்புட்டில் ஒரு ரேடியோவும் ஆயர் குரோவில் ஒன்றும் இருந்தால் கேபிள் இழுக்க இயலாது. இரண்டு இடத்திலும் தனித்தனி ஜி.பி.எஸ். கடிகாரம் வைக்கலாம். ஆனால் அவற்றிடையே பொதுவாகப் பல பத்து நானோவினாடி வேறுபாடு இருக்கும். சமிக்ஞை வந்த நேரத்தைக் குறிக்க அது போதும். அலைகளைக் கூட்டப் போதாது.

ஆகவே நண்பர்களே, எத்தனை ரேடியோ என்று எண்ணுமுன், அலைகளைக் கூட்டப் போகிறோமா, நேரத்தை மட்டும் குறிக்கப் போகிறோமா என்பதை முடிவு செய்யுங்கள். கடிகாரத்தைத் தீர்மானிப்பது அதுவே.